டாம்கேட்டுக்குள் மெசேஜ் புரோக்கர்: உள்ளே வைப்பதா, வெளியே நிறுத்துவதா?

ஆர்டர் வந்ததும் மின்னஞ்சல் போக வேண்டும், பில் பிடிஎஃப் ஆக வேண்டும். அதெல்லாம் முடியும்வரை பிரவுசரைக் காக்க வைக்க முடியாது. அதனால் வேலையை ஒரு க்யூவில் போட்டுவிட்டு உடனே பதில் அனுப்பிவிடுகிறோம். ஆனால் டாம்கேட், ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் வெறும் சர்வ்லெட் கன்டெய்னர், அதில் ஜேஎம்எஸ் (மெசேஜ் அனுப்பிப் பெறுவதற்கான ஜாவாவின் பொது இன்டர்ஃபேஸ்) கிடையாது. க்யூவை நடத்தும் மெசேஜ் புரோக்கரை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

ராபிட்எம்க்யூ என்ற புரோக்கர் எர்லாங் மொழியில் ஓடுவது, ஜாவா ஓடும் ஜேவிஎம்முக்குள் வராது. உள்ளே வைக்க நான் பார்ப்பவை ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக், ஆர்ட்டெமிஸ் இரண்டும்தான்.

தொடங்குவதற்குச் சுலபம் கிளாசிக். கனெக்‌ஷன் யூஆர்எல்லில் விஎம் என்று ஆரம்பித்து லோக்கல்ஹோஸ்ட் என்று முடித்தால் போதும். அந்தப் பெயரில் புரோக்கர் இல்லாவிட்டால் அதுவே ஒன்றைத் தொடங்கிவிடும். சாக்கெட் இல்லை, போர்ட் இல்லை, மெசேஜ் மெமரிக்குள்ளேயே கைமாறுகிறது.

இந்தத் தானாகத் தொடங்கும் வசதியில்தான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். ஒரே டாம்கேட்டில் இரண்டு வார் கோப்புகள் (ஒவ்வொன்றும் ஒரு அப்ளிகேஷன்), ஒவ்வொன்றின் லிப் ஃபோல்டரிலும் ஆக்டிவ்எம்க்யூ ஜார் (லைப்ரரி கோப்பு). முதல் வார் எழுந்துவிட்டது. இரண்டாவது எழவே இல்லை. டாம்கேட்டின் லாகில், மெசேஜ்களை டிஸ்க்கில் வைக்கும் காஹாடிபியின் பூட்டுக் கோப்பைப் பூட்ட முடியவில்லை, 10 விநாடி காத்திருக்கிறேன் என்ற வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே டேட்டா ஃபோல்டரைப் பிடிக்கப் பார்த்திருக்கின்றன. சரி என்று பெர்சிஸ்டன்ஸையும் (டிஸ்க்கில் சேமிப்பது) ஜேஎம்எக்ஸையும் (கண்காணிப்பு வசதி) அணைத்தேன். இரண்டும் எழுந்தன, ஆனால் முதல் வார் அனுப்பியது இரண்டாவதுக்குப் போய்ச் சேரவில்லை. டாம்கேட் ஒவ்வொரு வாருக்கும் தனி கிளாஸ்லோடர் (ஜாரிலிருந்து கோடை ஏற்றும் பகுதி) கொடுக்கிறது. ஜாரும் தனித்தனி என்பதால் ஒரே பெயரில் இரண்டு புரோக்கர்கள், ஒன்றை ஒன்று அறியாமல் ஓடிக்கொண்டிருந்தன.

தீர்வு, ஜாரை வார்களிலிருந்து எடுத்துவிட்டு டாம்கேட்டின் பொது லிப்பில் ஒரே ஒரு முறை வைப்பது. வாருக்குள் மிச்சம் இருந்தால் அதுதான் முதலில் லோட் ஆகும், அதனால் எடுக்க மறக்கக் கூடாது. புரோக்கரைத் தொடங்க வேண்டிய வாரைத் தவிர மற்றதன் யூஆர்எல்லில் கிரியேட் ஃபால்ஸ் (தானாக உருவாக்காதே) என்றும் போட்டுவிடுங்கள். புரோக்கர் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் புதிதாக ஒன்று முளைப்பதைவிட, எர்ரர் வருவது எவ்வளவோ மேல்.

ஆர்ட்டெமிஸ், ஹார்னெட்க்யூவின் கோடு 2014-இல் அப்பாச்சிக்கு வந்ததிலிருந்து வளர்ந்தது. இதற்கென்றே உள்ள எம்பெடட் கிளாஸை எடுத்து, புரோக்கர் எக்ஸ்எம்எல்லைக் கொடுத்து, ஸ்டார்ட் என்று நாமே சொல்ல வேண்டும். இரண்டு வரி அதிகம்தான், ஆனால் எது எப்போது எழுந்தது என்பது கோடிலேயே தெரியும். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கிளாஸ்லோடர் விஷயத்தில் மட்டும் இங்கேயும் அதே கவனம் வேண்டும்.

இனி பதிப்பு. ஜேஎம்எஸ் போன்றவற்றின் பேக்கேஜ் பெயர் ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறியது. அந்த ஜகார்த்தா பெயர்வெளிக்குப் போய்விட்டவர்களுக்கு கிளாசிக்கில் 2023-இல் 6.0-உடன் தொடங்கிய 6 வரிசை வேண்டும், அது ஜாவா 17 கேட்கும். பழைய ஜாவாக்ஸில் இருப்பவர்களுக்கு 5 வரிசை.

எதை உள்ளே வைத்தாலும் மூடுவதும் நம் பொறுப்பு. அப்ளிகேஷன் மூடப்படும்போது டாம்கேட் அழைக்கும், கான்டெக்ஸ்ட் லிசனரின் டெஸ்ட்ராய்டு மெத்தடில் புரோக்கரை நிறுத்தாவிட்டால் த்ரெட்கள் செத்துப்போகாது. டாம்கேட் மெமரி லீக் எச்சரிக்கை எழுதும். பழைய பூட்டும் விடுபடாததால் அடுத்த டிப்ளாய் அப்படியே நிற்கும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உள்ளே இருக்கும் புரோக்கர் உங்கள் ஹீப் மெமரியையும் டிஸ்க்கையும் பங்கு போட்டுக்கொள்கிறது. மெசேஜை எடுக்கும் பக்கம் மெதுவானால் கிளாசிக்கில் மெமரி வரம்பு நிறைந்து, அனுப்பும் த்ரெட் அப்படியே நிற்கும். ஆர்ட்டெமிஸில் டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினாலும் அதே கதைதான், அந்த டிஸ்க்கை நிரப்பியது டாம்கேட்டின் லாகாகவே இருக்கலாம். நிற்பது ரிக்வெஸ்ட் த்ரெட். டாம்கேட்டில் இயல்பாக அவை 200 வரைதான். மின்னஞ்சல் சர்வர் தடுமாறியதற்காக உள்நுழைவுப் பக்கம் திறக்காமல் போகும்.

ஜேஎம்எஸ்ஸும் சேர்ந்தே வரும் முழு சர்வர் வேண்டுபவர்களுக்கு வைல்டுஃப்ளையின் ஃபுல் கான்ஃபிகரேஷனில் ஆர்ட்டெமிஸ் தயாராக இருக்கிறது, டாமீ பிளஸ்ஸில் ஆக்டிவ்எம்க்யூ. க்யூ ஒன்றுக்காக மட்டும் மாறுவது வீண் அலைச்சல்.

வெளியே தனியாக நிறுத்தினால் பார்த்துக்கொள்ள இன்னொரு பிராசஸ், திறந்து வைக்க ஒரு போர்ட். 2023 அக்டோபரில் கிளாசிக்கின் ஓப்பன்வயர் புரோட்டகாலில் வெளியான பாதுகாப்பு ஓட்டை, 61616 போர்ட்டை எட்ட முடிந்தவருக்கு சர்வரில் கமாண்ட் ஓட்டவே வழிவிட்டது. விஎம் மட்டும் வைத்திருந்தவர்களிடம் எட்டுவதற்கு அந்தப் போர்ட்டே இல்லை. ஆனால் வெளியே நிற்கும் புரோக்கர், வாரை ராத்திரி மூன்று முறை டிப்ளாய் செய்தாலும் அசையாது.

அதனால் என் கணக்கு இது. ஒரே வார், ஒரே டாம்கேட், அனுப்புவதும் பெறுவதும் அதே கோடு என்றால் உள்ளேயே வையுங்கள். லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டாவது டாம்கேட் வருகிறதா, அல்லது வேறு அப்ளிகேஷனுக்காக உள்ளிருக்கும் புரோக்கரில் டிசிபி கனெக்டர் சேர்க்கத் தோன்றுகிறதா, அன்றே வெளியே எடுத்துவிடுங்கள். அந்த நாளுக்காக இப்போதே ஒன்று செய்யலாம்: கோடில் ஜேஎம்எஸ் இன்டர்ஃபேஸ்கள் மட்டும் இருக்கட்டும், யூஆர்எல்லை டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸாக வையுங்கள், கிளையன்ட் ஜாரும் டாம்கேட்டின் லிப்பிலேயே இருக்கட்டும். அப்புறம் விஎம் யூஆர்எல்லை வெளிப் புரோக்கரின் டிசிபி முகவரியாக மாற்றி டாம்கேட்டை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும், வாரைத் திரும்ப பில்டு செய்யவே வேண்டாம்.