சேப்பாக்கம் மேட்ச்: தண்டையார்பேட்டையிலிருந்து எதில் போகலாம்?

ஐபிஎல் வந்தாலே தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். பைக்கை முதலிலேயே கழித்துவிடலாம். பெல்ஸ் ரோடு, வாலாஜா ரோடு பக்கம் போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிட, கிடைத்த சந்தில் சொருகிவிட்டு, மேட்ச் முடிந்து அதை வெளியே எடுப்பதற்குள் மெட்ரோவில் போனவன் வீட்டில் சாப்பிட்டே முடித்திருப்பான்.

போகும்போது சைக்கிளை எதுவும் அடிக்க முடியாது. எட்டு கிலோமீட்டர் சொச்சம்தான். கல்மண்டபம், பீச் ஸ்டேஷன், ராஜாஜி சாலை, போர் நினைவுச் சின்னம் என்று வந்து, நேப்பியர் பாலத்துக்கு முன்னால் கார்கள் முக்கிக்கொண்டு நிற்கும்போது ஓரமாக நழுவிவிடலாம், மறித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். தலைவலி போய்ச் சேர்ந்த பிறகுதான். பாரிஸில் 2024 ஒலிம்பிக்ஸுக்கு அரங்கங்களை இணைத்து சைக்கிள் தடமே போட்டார்கள். இங்கே சைக்கிளுக்கென்று ஒரு ஸ்டாண்ட் என் கண்ணில் பட்டதில்லை. ஹெல்மெட்டை உள்ளே விடமாட்டார்கள். திருவல்லிக்கேணியில் தெரிந்த டீக்கடை இருந்தால் வண்டியையும் ஹெல்மெட்டையும் சேர்த்து அவர் தலையில் கட்டலாம்.

பறக்கும் ரயில் மலிவு, பீச்சில் ஏறினால் நாலாவது நிறுத்தம் சேப்பாக்கம், ஸ்டேடியத்தை ஒட்டியே இறங்கலாம். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. பீச்–எழும்பூர் நாலாவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் பீச்–சிந்தாதிரிப்பேட்டை இடையே நிறுத்தியவர்கள் 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப விட்டார்கள், ஒரு ஐபிஎல் சீசனே அதில் போய்விட்டது. அதே காலத்தில்தான், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில், தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம். கொடிமரச் சாலை, சிவானந்தா சாலை எல்லாம் அந்த 3.5 கி.மீ. ஓடுதளத்துக்குள், அதாவது நம்மாட்கள் மெரினாவுக்குப் போகிற பாதையிலேயே. ரோட்டில் போனால் சுற்றுவழி, ரயில் ஏற்கெனவே இல்லை. தரைக்கடியில் போன மெட்ரோவுக்கு மட்டும் எதுவும் தெரியாது.

மெட்ரோவில் வண்டி மாறவே வேண்டாம். அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி வாலாஜா ரோட்டில் கொஞ்சம் நடை. சில சீசன்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினாலே இலவசம். திரும்பும்போது படிக்கட்டிலேயே கூட்டம் நெரியும், சரி, சுமார் 38,000 பேர் உட்காருகிற இடம், வேறெப்படி இருக்கும்.

உண்மையில் முடிவு செய்வது திரும்பி வருகிற நேரம்தான். ராத்திரி 7.30 மேட்ச் முடிய பதினொன்றரையாகிவிடும். மேட்ச் கூட்டம் சைக்கிளுக்கு ஒரு பொருட்டே இல்லை, பீச் ஸ்டேஷன் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இருக்கிறதே, அதுதான் பயம். வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் மதியம் 3.30 மேட்ச் என்றால் சைக்கிள். ராத்திரி மேட்சுக்கு தண்டையார்பேட்டை ஸ்டேஷன் வரை சைக்கிள், அப்புறம் மெட்ரோ. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டும் கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.