பாடசாலை வேன் செயலியும் லைவ்டேட்டாவும்: ஐந்து வருட அனுபவம்

மூதூரில் அண்ட்ராய்ட் செயலி எழுதிப் பழகும் தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார்: "அண்ணன், சர்வீஸ் எடுக்கிற லொகேஷனை செயலிக்குள்ள இருக்கிற மற்ற கிளாஸ்களுக்கு (நிரல் பகுதிகளுக்கு) எப்படிக் கொடுக்கிறது? ஸ்டாட்டிக்கில போடவா, லைவ்டேட்டாவா?"

செயலி முழுதுக்கும் பொதுவான ஸ்டாட்டிக் மாறி வேண்டாம். அதில் இருப்பிடம் இருக்கும், ஆனால் மாறிவிட்டது என்று யாருக்கும் சொல்லாது. மதிப்பு மாறும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் கிளாஸ்களுக்குத் தானே சொல்லும் லைவ்டேட்டா பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் ஒன்றுக்கு நான் எழுதிய செயலி. சாரதியின் போனில், அறிவிப்புக் காட்டியபடி தொடர்ந்து இயங்கும் போர்கிரவுண்ட் சர்வீஸ் ஓடுகிறது. அது எடுக்கும் இருப்பிடம் ஒரே ஒரு ரெப்போசிட்டரியில் (தரவை வைத்திருக்கும் கிளாஸில்) லைவ்டேட்டாவாக இருக்கும். வரைபடத் திரை, பாதை வரையும் கிளாஸ், பெற்றோருக்கு அனுப்பும் கிளாஸ் மூன்றும் அங்கிருந்தே எடுக்கும். வரைபடத் திரை மறைந்தால் லைவ்டேட்டா அதற்கு அனுப்புவதைத் தானே நிறுத்திவிடும், திரும்பத் திறந்தால் கடைசி இருப்பிடம் உடனே வந்துவிடும். போனைத் திருப்பினாலும் ஒன்றும் உடையாது. இந்த நிம்மதிக்கு நான் உண்மையிலேயே நன்றியுள்ளவன்.

ஆனால் பின்னணியிலிருந்து லைவ்டேட்டாவுக்குப் புது மதிப்பு போடும் போஸ்ட்வேல்யூவை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பற்றரி இறங்குகிறது என்று சாரதி சொன்னதால், 5 செக்கனுக்கு ஒரு புள்ளி எடுத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தரும்படி மாற்றினேன். வந்த 12 புள்ளிகளையும் லூப்பில் ஒவ்வொன்றாகப் போஸ்ட்வேல்யூ செய்தேன். பாதைக் கிளாஸுக்குப் போய்ச் சேர்ந்தது கடைசிப் புள்ளி மட்டும். திரையை நடத்தும் மெயின் த்ரெட் கையில் எடுப்பதற்குள் அடுத்த மதிப்பு வந்தால் முந்தியது அழிந்துவிடும்; அண்ட்ராய்ட் ஆவணத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சீனக்குடாப் பக்க வளைவுகளை விட்டுவிட்டுக் கோடு துறைமுகத் தண்ணீருக்கு மேலால் போனது. "வேன் ஏன் கடலுக்குள்ளால வந்திருக்கு?" என்று ஒரு தாய் அழைத்துக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த பயம் இன்னும் காதில் நிற்கிறது. நானோ இரண்டு கிழமை ஜிபிஎஸ்ஸைச் சந்தேகித்து, சாரதியிடம் போனை மாற்றவும் சொல்லிவிட்டேன்.

நியாயமாகச் சொன்னால், 'இப்போது எங்கே' என்பதற்குச் செய்யப்பட்ட பொருளிடம் 'எந்த வழியால் வந்தது' என்று கேட்டிருக்கிறேன். கொட்லின் மொழியின் ஸ்டேட்ஃப்ளோவுக்கு மாறினாலும் இது தீராது, அதுவும் கடைசி மதிப்பையே வைத்திருக்கும். பாதைக்கு இப்போது, வரும் மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரக்கூடிய ஷேர்ட்ஃப்ளோ வைத்திருக்கிறேன். அதற்கும் பஃபர் (காத்திருக்கும் மதிப்புகளுக்கான இடம்) அளவு கொடுக்க வேண்டும். கொடுக்காமல், காத்திருக்காது போடும் ட்ரைஎமிட் செய்தால் அங்கேயும் புள்ளிகள் போய்விடும். அப்புறம், திரையில்லாத கிளாஸில் லைவ்டேட்டாவை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் அப்சர்வ்ஃபாரெவர் போட்டால் நாமேதான் கழற்ற வேண்டும்.

தம்பிக்கு லைவ்டேட்டா வேண்டாம் என்றே பதில் அனுப்பினேன். ஆனாலும் கடைசி இருப்பிடம் மட்டும் போதுமான என் வரைபடத் திரையில் அது அப்படியே இருக்கிறது, எடுக்கப் போவதில்லை.