கிரவுன் ஆயில் மாத்த சேலத்துல நம்பி வண்டிய விடலாம்

கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் இருக்குற சின்ன பட்டறைல போன வாரம் நம்ம பிக்கப்புக்கு பின்னாடி கிரவுன் ஆயில் (பின் சக்கரங்கள சுத்த வைக்கிற கியர் இருக்குற பெட்டியோட ஆயில்) மாத்துனேன். ஏற்காட்டுக்கு காய்கறி லோடு, 20 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது ஆக்சிலேட்டர் மிதிச்சா பின்னாடி ஊய்னு ஒரு சத்தம், கால எடுத்தா நின்னுடும்.

மெக்கானிக் அண்ணன் முதல்ல ஊத்துற போல்ட்டத்தான் கழட்டுனாரு. "இது கழண்டு வருதான்னு பாத்துட்டுதான் தம்பி கீழ கழட்டணும், இல்லன்னா ஆயில வடிச்சுட்டு ஊத்த வழியில்லாம நிப்போம்"னாரு, சரியான பேச்சு. வண்டி ஓடி சூடா இருக்கும்போதே வடிச்சாரு, கருப்பா தீஞ்ச வாடையோட வந்துச்சு.

ஆயில் வடிக்கிற மேக்னெட் போல்ட்ட (இரும்புத் தூள இழுத்து புடிக்க காந்தம் வச்சது) என் கைல குடுத்து தேச்சு பாக்க சொன்னாரு. விபூதி மாதிரி சாம்பல் கலர்ல பசையா இருந்தா சாதாரண தேய்மானம்தானாம், விரல்ல குத்துற மாதிரி சில்லு வந்தா கியர் பல்லோ பேரிங்கோ போகுதுன்னு அர்த்தம். எனக்கு ரெண்டு சில்லு இருந்துச்சு, மனசே கலங்கிடுச்சு. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி இறங்கியிருக்காம், நல்லவேளை அது இல்ல.

ஜிஎல்-5 80டபிள்யூ-90ங்கிற கியர் ஆயில சமதளத்துல நிறுத்தி துவாரம் வழிய வழிய ஊத்துனாரு, அடச்சுக் கிடந்த பிரீதரையும் (பெட்டிக்குள்ள காத்து போய் வர்ற சின்ன வழி) கழுவி மாட்டுனாரு. சத்தம் கொறஞ்சுது, ஆனா முழுசா போகல. பினியன் (கிரவுன் கியர சுத்த வைக்கிற சின்ன கியர்) பேரிங்க கழட்டி பாக்கணும்னு நேராவே சொல்லிட்டாரு, அந்த நேர்மைக்காகவே அடுத்த வேலையும் அங்கதான். உக்கார நிழல் இல்ல, காலைல நேரத்துலயே போயிடுங்க.