நோயாளியின் படுக்கைக்கு எவ்வளவு அருகில்? அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான நான்கு மருத்துவ அறிமுகத் திட்டங்கள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதுமே, மருத்துவத் துறைக்குச் செல்ல விரும்பினால் இப்போதே என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன: பள்ளிகளில் இயங்கும் ஹோசா மன்றம், மருத்துவமனைகள் நடத்தும் எக்ஸ்ப்ளோரிங் குழு, மருத்துவமனைத் தன்னார்வப் பணி, சி.என்.ஏ. எனப்படும் செவிலிய உதவியாளர் பயிற்சி. கல்லூரி விண்ணப்பத்தில் எது எடுப்பாகத் தெரியும் என்பதை வைத்தே இவற்றை ஒப்பிடுகிறோம். என் மகள் இவற்றில் மூன்றைக் கடந்து வந்ததைப் பார்த்த பிறகு, அந்த அளவுகோல் தவறு என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு திட்டம் பிள்ளையை நோயாளிக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஹோசா 1976இல் தொடங்கப்பட்ட மாணவர் அமைப்பு. பள்ளியிலேயே நடப்பதால் சேர்வது எளிது. மருத்துவச் சொல்லறிவு, முதலுதவி, உயிரிமருத்துவ விவாதம், பொதுச் சுகாதாரம் எனப் பல பிரிவுகளில் மாநில அளவிலும், ஜூன் மாதத்தில் பன்னாட்டு மாநாட்டிலும் போட்டிகள் நடக்கின்றன. மருத்துவத் துறை என்றால் டாக்டர் மட்டுமே என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு இயன்முறை மருத்துவம், மருந்தியல், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்று அத்துறையின் முழு அகலத்தையும் காட்டுவதில் இதற்கு இணையில்லை. ஆனால் முதலுதவிப் போட்டியில் மாணவர் அழுத்துவது பொம்மையின் நெஞ்சைத்தான். பொம்மைக்கு வலிக்காது, அது வாந்தி எடுக்காது, பயந்து நம் கையை இறுகப் பிடித்துக்கொள்ளாது.

எக்ஸ்ப்ளோரிங், அமெரிக்கச் சாரண இயக்கத்தின் துணை அமைப்பு நடத்துவது. ஏறத்தாழ 14 வயது முதல் 20 வயது வரையிலான ஆண்களும் பெண்களும் இதில் சேரலாம். மருத்துவமனை ஒன்று குழுவை ஏற்றுக்கொண்டு, ஆய்வகம், கதிரியக்கப் பிரிவு எனத் துறைவாரியாகச் சுற்றிக் காட்டி, அங்கே பணிபுரிவோரைப் பேச வைக்கிறது. குழுவை நடத்தும் பொறுப்பாளர் அக்கறையுள்ளவராக இருந்தால் இது அருமையான வாய்ப்பு. இல்லாவிட்டால் மாதம் ஒரு சொற்பொழிவோடு முடிந்துவிடும்.

தன்னார்வப் பணிதான் பெற்றோர் அதிகம் நம்பும் வழி. 1944இல் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சு நகரில் பள்ளிப் பெண்கள் சிவப்பு வெள்ளைக் கோடிட்ட மேலாடையோடு மருத்துவமனையில் உதவத் தொடங்கியது முதல் வரும் மரபு இது. இப்போது காசநோய்ப் பரிசோதனை, ஃப்ளூ தடுப்பூசி, நோயாளிகளின் அந்தரங்கம் காக்கும் ஹிப்பா சட்டம் பற்றிய பயிற்சி என்று பல படிகளைத் தாண்டியே உள்ளே போக முடிகிறது. என் மகள் மூன்று மாதம் காத்திருந்து சேர்ந்தாள். ஒரு கோடை முழுவதும் வரவேற்பு மேசையில் வழி சொன்னாள், போர்வைகளை மடித்து அடுக்கினாள், சக்கர நாற்காலிகளை வாசல்வரை தள்ளிச் சென்றாள். எல்லாம் மதிப்புள்ள வேலைகளே. ஆனாலும் நூறு மணி நேரம் முடிந்த பிறகு, "இந்த வேலை எனக்குப் பிடிக்குமா என்று இன்னும் தெரியவில்லை அம்மா" என்றாள். அந்த இடத்தின் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆர்வத்தோடு வந்த பிள்ளையை ஒரு செவிலியரின் பின்னால் நான்கு நாளாவது நடக்க விட்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு அவள் சேர்ந்தது சி.என்.ஏ. வகுப்பு. 1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகளின்படி, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணியாற்றும் உதவியாளர்கள் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். அதில் 16 மணி நேரமாவது கண்காணிப்பில் செய்யும் நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் 160 மணி நேரம் கேட்கின்றன. முடிவில் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாயா, அழைப்பு மணியை நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாயா என்பதையெல்லாம் தேர்வாளர் கவனிப்பார். பல் செட்டைக் கழுவுவது, படுத்திருப்பவரை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது, சிறுநீரை அளந்து குறிப்பது ஆகியவைதான் பாடங்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரை வைத்து அவள் வீட்டில் ஒத்திகை பார்ப்பாள். "பாட்டி, உங்க வலது கை வராதுன்னு வெச்சுக்கோங்க" என்று சொல்லி, அந்தக் கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்தாள். கழற்றும்போது வலுவிழந்த கை கடைசி. என் மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உன் தாத்தாவுக்குக் கை விழுந்தப்போ இது தெரியாம ரெண்டு வருஷம் அவரை நோகடிச்சிட்டேன் கண்ணு" என்றார். அன்று அந்தப் பாடம் எங்கள் வீட்டில் தேர்வுக்கான பாடமாக இருக்கவில்லை.

பயிற்சியின் மூன்றாம் வாரத்தில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவள் உணவூட்டி வந்த மூதாட்டி இறந்துவிட்டார். மறுநாள் போனபோது படுக்கை காலியாக, விரிப்பு மாற்றப்பட்டு இருந்ததாம். அவரைப் பற்றி நெடுநேரம் பேசினாள், பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதை அவள் அறிந்திருந்தாள். பதினேழு வயதில் இது பெரிய சுமைதான். தாங்க முடியாமல் விலகும் பிள்ளைகளும் உண்டு, அவர்களைக் குறைவாக எண்ணுவது அநியாயம். இந்த வேலை தமக்கு ஒத்துவராது என்பது, மருத்துவப் படிப்பில் பல ஆண்டுகளைக் கழித்த பிறகு தெரியாமல், அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. என் மகளுக்கோ அதற்குப் பிறகு தயக்கம் போய்விட்டது. டாக்டராக வேண்டாம், செவிலியராக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

என் மகன் வேறு மாதிரி. ஊசியைக் கண்டாலே முகம் வெளிறிவிடும், ஆனால் தொற்றுநோய் பரவும் விதத்தைப் பற்றி மணிக்கணக்கில் படிப்பான். அவனை ஹோசாவின் பொதுச் சுகாதாரப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். இப்போதைக்கு அதுவே பொருத்தம்.

சி.என்.ஏ. வழியைத் தேர்ந்தெடுப்போர் கவனிக்க வேண்டியவை மூன்று. குறைந்தபட்ச வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், மாநில அரசு அங்கீகரித்த பயிற்சி மையங்களின் பட்டியலை முதலில் பார்த்து, அந்த மையத்திடமே வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளித் தொழிற்கல்விப் பிரிவிலேயே இந்த வகுப்பு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன், அருகிலுள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் கேட்டுப் பாருங்கள்: மெடிகேர், மெடிகெய்டு எனும் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் நிதி பெறும் இல்லம் ஒன்று வேலைக்கு எடுத்துக்கொண்ட உதவியாளரிடம் பயிற்சிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி.