ராம் 2500, 3500-இன் 6.7 கம்மின்ஸ்: கழற்றி மாட்ட எவ்வளவு எளிது?

ராம் டிரக்கில் வரும் 6.7 லிட்டர் டீசல் இன்ஜின்தான் கம்மின்ஸ். பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். ஒரு ஹெட், ஒரு ஹெட் கேஸ்கெட், ஒரு வால்வு கவர். டர்போவும் எக்ஸாஸ்ட்டும் வலப்பக்கம், டீசல் பம்ப்பும் ஃபில்டரும் இடப்பக்கம். இரண்டு பக்கமும் கை விட இடம் உண்டு. ஃபோர்டின் 6.7 பவர் ஸ்ட்ரோக், ஜிஎம்மின் 6.6 டியூராமாக்ஸ் இரண்டுமே வி8 (நான்கு நான்காக இரண்டு வரிசை); ஹெட், கேஸ்கெட் எல்லாம் இரட்டை. ஃபோர்டில் டர்போ இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட் வேலை வந்தால் கேபினையே சேஸிஸிலிருந்து தூக்கிவிட்டுச் செய்யும் ஒர்க்‌ஷாப்கள் பல. கம்மின்ஸில் ஹெட்டைக் கேபின் இருக்கும்போதே இறக்கலாம். ஆறாவது சிலிண்டர் மட்டும் கவுலுக்கு (முன்கண்ணாடியின் அடியில் உள்ள தகடு) அடியில் ஒளிந்திருக்கும். அங்கே முதுகு வலிக்கத்தான் செய்யும். வாரன்ட்டி முடிந்த பிறகும் வண்டியை வைத்திருக்கப் போகிறவருக்கு, மூன்று டீசல்களில் எங்கள் முதல் தேர்வு இதுதான். ஆனால் எந்த ஆண்டு வண்டி என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வால்வு கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, வைப்பது அரை நாள் வேலை. 2018 வரை வந்த இன்ஜின்களுக்கு 1,50,000 மைலுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.026 அங்குலம். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசி-யில் (அழுத்தும் சுற்றில் பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தி இன்டேக் 1, 2, 4, எக்ஸாஸ்ட் 1, 3, 5 வையுங்கள். கிராங்க்கை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இன்டேக் 3, 5, 6, எக்ஸாஸ்ட் 2, 4, 6. 2019 முதல் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் வந்துவிட்டதால் இந்த வேலையே கிடையாது.

டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டரை மாற்றுவதில் வரிசை தப்பினால் காசு போய்விடும். இன்ஜெக்டர் மேலிருந்து இறங்குகிறது. டீசல் மட்டும் ஹெட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு கனெக்டர் ட்யூப் வழியாக வந்து அதைத் தொடுகிறது. முதலில் இன்ஜெக்டரின் கிளாம்பை லேசாக இறுக்கி உட்கார வையுங்கள். பிறகு ட்யூபின் நட்டை லேசாக. பிறகு கிளாம்பை முழு டார்க்குக்கு (குறிப்பிட்ட இறுக்க அளவு), கடைசியாக ட்யூப் நட்டை முழு டார்க்குக்கு. ட்யூபை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டால் அது இன்ஜெக்டரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். முனை சரியாகப் பதியாமல் டீசல் ரிட்டர்னுக்குக் கசியும். காலையில் வண்டி நீண்ட நேரம் கிராங்க் ஆனால்தான் ஸ்டார்ட் ஆகும். பழைய செப்பு வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசில் உயரம் மாறிவிடும். புது இன்ஜெக்டருக்குப் பழைய ட்யூப் வேண்டாம். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக்குழாயான ரெயிலில் அழுத்தம் 1,800 பார் வரை, புதிய இன்ஜின்களில் அதற்கும் மேலே போகும். ஓடும் இன்ஜினில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இந்த இன்ஜினின் உண்மையான பலவீனம் கிரிட் ஹீட்டர். குளிரில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்க, இன்டேக் வழியில் பொருத்திய மின்சார ஹீட்டர் அது. அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் போல்ட், ஒவ்வொரு முறையும் பெரிய ஆம்பியரில் சூடாகி ஆறுகிறது. மூட்டு தளர்ந்தால் பொறி பறக்கும், உள்முனை கரையும், ஒருநாள் நட்டோடு சேர்ந்து அறுந்து விழும். விழுகிற இடம் நேரே சிலிண்டர். பிஸ்டன், வால்வு, ஹெட் எல்லாம் போன பிறகு இன்ஜின் எளிதாகக் கழலும் என்பதில் யாருக்கு என்ன ஆறுதல்? எனவே பழைய வண்டி வாங்கிய முதல் வாரமே இரண்டு பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஹீட்டருக்கு வரும் தடித்த கேபிளின் போல்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அசையாவிட்டாலும், இன்டேக் ஹார்னை (ஹீட்டருக்கு மேலே உள்ள காற்றுக்குழாய்) கழற்றி அடிப்பக்கத்தையும் பார்ப்பது நல்லது. கருகல், உருகிய விளிம்பு தெரிந்தால் ஹீட்டரை மாற்றிவிட வேண்டும். 2025 மாடலில் கிரிட் ஹீட்டரை விட்டுவிட்டு க்ளோ பிளக் வைத்துவிட்டார்கள்.

2019, 2020 மாடல்களில் சிபி4 என்ற உயர் அழுத்த டீசல் பம்ப் வந்தது. அது உள்ளே தேய்ந்தால் இரும்புத்தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போய்விடும். பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, லைன் எல்லாம் மாற்றி டேங்க்கையும் கழுவ வேண்டும். 2021-இல் பழைய, உறுதியான சிபி3-க்கே திரும்பினார்கள். அந்த இரண்டு ஆண்டு வண்டிகளுக்கு ரீகாலும் (கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. அந்த வண்டி கிடைத்தால், விலை பேசும் முன் ரீகால் வேலை முடிந்ததா என்று சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் கணக்கில் 2013 முதல் 2018 வரை ஒன்று, இல்லையென்றால் 2021-க்குப் பிறகு.

ஸ்பேனர் மட்டும் போதாத இடமும் உண்டு. டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரைத் தனியாக மாற்றலாம், நல்ல வசதி. ஆனால் மாட்டியதும் ஸ்கேனர் வைத்துக் கேலிப்ரேட் செய்யாவிட்டால் அது வேலை செய்யாது. 2018 முதல் செக்யூரிட்டி கேட்வே என்ற மின்னணுப் பூட்டு இருப்பதால், பதிவு செய்யாத ஸ்கேனர் பிழைக் குறியீட்டைப் படிக்கும், அழிக்கவோ கேலிப்ரேட் செய்யவோ விடாது. தெருமுனை மெக்கானிக்கிடம் போகும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை சில்லறை வேலை. 2013 முதல் டீசல் ஃபில்டர் இரண்டு: ஒன்று இன்ஜினில், ஒன்று சேஸிஸில்; இரண்டையும் 15,000 மைலில் சேர்த்தே மாற்றுங்கள். வால்வு கவர் மேலே உள்ள சிசிவி ஃபில்டரை (கிராங்க்கேஸிலிருந்து வெளியேறும் வாயுவை வடிகட்டுவது) பலரும் மறந்துவிடுகிறார்கள். 67,500 மைலில் மாற்ற வேண்டியது அது. அடைத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் எங்கெல்லாமோ கசியும்.