பிரசவ வலிக்கு நடுவே தூக்கம்: எபிடியூரலா, பெத்திடினா?

முதல் பிரசவம் பன்னிரண்டு மணி நேரம் இழுப்பது சாதாரணம். பதினெட்டைத் தாண்டுவதும் உண்டு. அதற்கு முந்தைய இரவும் விட்டு விட்டு வந்த வலியில் கண்ணை மூடியிருக்க மாட்டோம். கடைசியில் முக்க வேண்டிய நேரம் வரும்போது உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் எந்த ஊசி வலியை எவ்வளவு குறைக்கும் என்பதோடு, எதைப் போட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்றும் பார்க்க வேண்டும். இரண்டு பிரசவத்தில் இரண்டையும் போட்டுக்கொண்டவள் நான்.

முதல் குழந்தைக்குப் பெத்திடின். தசையில் போடும் சாதாரண ஊசிதான். 50 முதல் 100 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள், இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் நிற்கும். இருபது நிமிடத்தில் தலை கனத்துக் கண் சொருகியது. ஆஹா, தூக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வலிக்கு இடையே இருந்தது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் அசந்து போவேன், அடுத்த வலி உச்சிக்கு ஏறிய பிறகுதான் விழிப்பேன். விழித்திருப்பவளுக்கு வலி கிளம்பும்போதே தெரிந்துவிடும், மூச்சை இழுத்துத் தயாராகிக்கொள்வாள். எனக்கு அதற்கும் வழியில்லை. நடுவில் ஒருமுறை, "நம்ம ஸ்டாப் வந்துடுச்சா?" என்று கேட்டேனாம். என் கணவர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெத்திடின் வேலை செய்வது மூளையில். மயக்கத்தை நிறையவும் வலி நிவாரணத்தைக் கொஞ்சமாகவும் தரும். குமட்டல் வரும் என்பதால் அதற்கும் சேர்த்து ஒரு மருந்து போடுவார்கள். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் பிறந்துவிட்டால் மூச்சு மந்தமாகலாம், பால் குடிக்கச் சுணங்கலாம்.

எபிடியூரல் வேறு வழியில் போகிறது. கீழ் முதுகில், தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அது வழியாக மரத்துப்போகும் மருந்தை விடுகிறார்கள். நரம்புகள் வெளியே வரும் இடத்திலேயே வலி தடுக்கப்படுகிறது, தலை தெளிவாக இருக்கிறது. அப்புறம் வருவது ஊசி தந்த மயக்கமல்ல, அதுவரை தூங்கவிடாமல் வலி பிடித்து வைத்திருந்த நம்முடைய சொந்தத் தூக்கம். இரண்டாவது பிரசவத்தில் எனக்குக் கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருந்தபோது போட்டார்கள். கால் மணி நேரம் கழித்து, வலி ஏறி இறங்குவதை வரைந்து காட்டும் மானிட்டர் காகிதத்தைப் பார்த்தேன். கோடு மலை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு வயிறு இறுகுவது மட்டும் லேசாகத் தெரிந்தது. அடுத்த மலையைப் பார்க்க நான் விழித்திருக்கவில்லை.

அதற்காக வீட்டுக் கட்டிலில் தூங்குவது போல என்று நினைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பட்டை இறுக்கும். மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், ஆகவே ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். நர்ஸ் வந்து வந்து பக்கம் மாற்றுவார். சில இடங்களில் நிலக்கடலை வடிவப் பந்து ஒன்றை முட்டிகளுக்கு நடுவே வைக்கிறார்கள். சிறுநீர் முட்டுவது தெரியாது, குழாய் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். சிலருக்கு நடுக்கம், அரிப்பு. ஒரு பக்கம் மரத்து மறுபக்கம் வலிப்பதும் உண்டு. அப்படியானால் பேசாமல் படுத்திருக்காதீர்கள், குழாயைச் சரிசெய்ய முடியும். இத்தனைக்கும் நடுவே எனக்கு விட்டு விட்டு மூன்று மணி நேரம் கிடைத்தது. பெத்திடினில் சேர்ந்தாற்போல் மூன்று நிமிடம்தானே கிடைத்தது.

தூங்கினால் பிரசவம் நின்றுவிடுமா என்று என் அத்தை பயந்தார். நிற்காது, சுருங்கி விரிவது கர்ப்பப்பையின் வேலை, நாம் விழித்துக் காவல் இருக்க வேண்டியதில்லை. முக்கும் கட்டம் நீளலாம் என்பது உண்மை. ஆனால் இன்றைய குறைந்த அளவு எபிடியூரலால் சிசேரியன் கூடுவதில்லை. உறையில் தவறுதலாக ஓட்டை விழுந்து கடும் தலைவலி வருவது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் போட மாட்டார்கள்.

வலி குறைய மூச்சில் இழுக்கும் வாயுவைப் பற்றி ஒரு வரி போதும்: ஒவ்வொரு வலிக்கும் முகமூடியை நாமே பிடித்து இழுக்க வேண்டும், தூங்கினால் கை நழுவிவிடும். மார்ஃபின் ஊசிக்கு மட்டும் தனி இடம் உண்டு. வாய் இன்னும் சரியாகத் திறக்காமல், வலி மட்டும் ஒரு நாளாக நச்சரிக்கும் ஆரம்பக் கட்டத்தில் அதைப் போட்டுச் சில மணி நேரம் தூங்க வைப்பார்கள். எழும்போது பலருக்கு நிஜமான வலி பிடித்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் மார்ஃபினோடு, நினைவை மழுங்கடிக்கும் ஸ்கோபொலமின் என்ற மருந்தைக் கலந்து கொடுத்த 'அந்தித் தூக்கம்' பெரிய பேச்சாக இருந்தது. அதில் பெண்கள் வலியில் கத்தினார்கள். விழித்தபோது எதுவும் நினைவில் இல்லை. பார்ப்பவர்களுக்குத்தான் அது தூக்கம். என் பெத்திடின் இரவும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான்.

இன்னொரு முறை என்றால் யோசிக்காமல் எபிடியூரல். ஒரே சிக்கல், அதைப் போட மயக்கவியல் டாக்டர் வர வேண்டும், போடும்போது வலியிலும் முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டும். இரவில் அழைத்தால் அவர் வர எவ்வளவு நேரமாகும் என்பதை ஒன்பதாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.