கேட்டால் சொல்வார்

1970ஆம் ஆண்டு தயாரான எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (துணிக்கூரை போட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டுமே விற்கும் ஒரு வியாபாரியிடம் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. மனிதரிடம் ஒரு குணம் உண்டு. கேட்டால் பொய் சொல்ல மாட்டார். கேட்காததைத் தானாக வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். இது எனக்குப் புரிவதற்குள் வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

எம்.ஜி.பி.யைத் தேர்ந்தெடுத்ததில் ஆசையோடு கொஞ்சம் கணக்கும் இருந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய கார் இது. உதிரிபாகத்துக்கு இன்றும் பஞ்சமில்லை. 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி, உடலையும் தரையிலிருந்து உயர்த்திவிட்டார்கள். அந்த முகம் எனக்குப் பிடிக்காது. குரோம் பம்பர்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடியதில் இந்தச் சிவப்பு வண்டி கண்ணில் பட்டது.

முதல் நாள் போனதும் பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. நான் வருவேன் என்று முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் யாருக்கும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். வியாபாரி முகம் சுளிக்கவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டார். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, பிறகு அடங்கியது. சோக்கை இழுத்தேன். இரண்டாவது முயற்சியில் 1798 சி.சி. இன்ஜின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை இல்லை, அதாவது ஆயில் எரியவில்லை. ஆயில் அழுத்தமும் நன்றாக இருந்தது. இன்ஜின் விஷயத்தில் அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

உடல்தான் வேறு கதை. இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. அது துருப்பிடித்துப் போனால் மேலே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் பயனில்லை. சில் வலுவிழந்திருந்தால் தூக்கும்போது உடல் வளைந்து கதவு உரசும். அதனால் ஜாக்கி வைத்துத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு நொடி தயங்கினார். பிறகு அவரே ஜாக்கியைக் கொண்டுவந்து தூக்கினார். இடப்பக்கக் கதவு எப்போதும்போல் திறந்து மூடியது. வலப்பக்கக் கதவு உரசியது. சுற்றியிருந்த இடைவெளியும் மாறியிருந்தது. குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் அடிப்பகுதி சில்லோடு சேரும் இடத்தில் செங்குத்தாக ஓர் இணைப்புக் கோடு தெரிய வேண்டும். இடப்பக்கம் தெரிந்தது. வலப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. சட்டைப்பையிலிருந்த காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் நழுவியது. உள்ளே பட்டி, அதாவது பெயிண்டுக்கு அடியில் பூசி மறைக்கும் பசை.

“பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“நாங்கள் செய்யவில்லை சார், எங்களிடம் வந்தபோதே அப்படித்தான் இருந்தது.”

ஆக, அவருக்குத் தெரியும்! நான் குனியாமல் இருந்திருந்தால் அந்தப் பதில் அவர் வாய்க்குள்ளேயே தங்கியிருக்கும். இருந்தாலும் வலப்பக்கத்தை வெட்டி எடுத்து முறையாகக் கட்டுவதற்கு ஆகும் செலவில் பாதியை விலையில் கழித்துக்கொடுத்தார். முழுவதும் கேட்டேன். அது நடக்கவில்லை.

காகிதங்களில் சுத்தமான ஆள். பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் வழங்கும் ஹெரிடேஜ் சான்றிதழைக் கோப்பில் வைத்திருந்தார். ஆலையை விட்டு வெளியேறிய நாள், அசல் நிறம், இன்ஜின் எண் எல்லாம் அதில் இருந்தன. அதைப் படித்தபோதுதான் வண்டி பிறவியில் கரும்பச்சை என்று தெரிந்தது. டிக்கியின் ரப்பர் பட்டையை விரலால் விலக்கினால் இன்றும் நகத்தளவு பச்சை எட்டிப் பார்க்கிறது. இன்ஜின் எண்ணும் பொருந்தவில்லை. சேகரித்து வைப்பவர்களுக்கு இது பெரிய குறை. ஓட்டுவதற்காக வாங்கும் எனக்கு இல்லை.

ஓவர்டிரைவ் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம், நான்காம் கியர்களில் சுவிட்சைத் தட்டினால் அதே வேகத்தில் இன்ஜின் சுழற்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். நெடுஞ்சாலையில் காதுக்குப் பெரிய நிம்மதி. “ஓவர்டிரைவ் இருக்கிறதா?” என்று கேட்டேன். “இருக்கிறது” என்றார். சோதனை ஓட்டம் முழுக்க ஊருக்குள்ளேயே. வாங்கிய வாரம் நெடுஞ்சாலையில் சுவிட்சைத் தட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை. தொலைபேசியில் அழைத்ததும், “இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள்?” என்றார். கோபம் வந்தது. பாதியில் சிரிப்பும் வந்துவிட்டது. நல்ல வேளையாக, இன்ஜின் அறையின் பின்சுவர் ஓரம் ஒரு மின்கம்பி இணைப்பில் களிம்பு ஏறியிருந்ததுதான் காரணம். உப்புத்தாளால் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

மூன்று மாத உத்தரவாதம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும். நடுவழியில் பெட்ரோல் பம்ப் நின்றபோது அது செல்லவில்லை. செருப்பைக் கழற்றிப் பம்ப்பின் மேல் இரண்டு தட்டு தட்டி வீடு வந்து சேர்ந்தேன், பிறகு புதிது மாற்றினேன்.

இன்னொரு வண்டி வாங்க இவரிடமே போவீர்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போவேன், இரண்டு பக்கக் கேள்விப் பட்டியலோடு. காந்தத்துக்கும் ஜாக்கிக்கும் வழிவிடும் வியாபாரி அபூர்வம். இவருக்கு முன் நான் பார்த்த இருவர் வண்டியின் அடியில் குனியவே விடவில்லை.

நேற்று நல்ல மழை. கூரைத் துணியும் கண்ணாடிச் சட்டமும் சேரும் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகி என் வலது முழங்கால் நனைந்துவிட்டது. மழையில் நிறுத்திப் பார்த்தீர்களா என்று நான் அவரிடம் கேட்கவில்லைதான்.